நம்மைக் கேட்காமல் எழுதப்படும் சட்டங்கள்: வாசகர் கேள்வி – பதில்

பன்னாட்டு ஒப்பந்தங்களைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு பதில் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து சேலத்திலிருந்தும் சேர்வராயன் மலையூர்களிலிருந்தும் வந்த கடிதங்கள், இந்தப் பகுதிக்கு வழக்கமாக வரும் பாகப்பிரிவினை, வாடகை, பட்டா மாறுதல் கேள்விகளைவிட அதிகம். ஆகவே இந்த இதழின் இடம் முழுவதையும் அந்த ஒரே பொருளுக்கு ஒதுக்கியிருக்கிறேன். கேட்டவர்களின் விருப்பப்படி பெயர்களை விட்டுவிட்டு ஊர்களை மட்டும் குறிப்பிடுகிறேன்.

ஐயா, எனக்கு இரண்டரை ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. நிலத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கொடுத்தால்தான் ஐரோப்பாவுக்குப் போகும் சரக்கில் என் காப்பியைச் சேர்க்க முடியும் என்று வியாபாரி சொல்கிறார். பட்டா நிலம், பாட்டன் காலத்திலிருந்து காப்பிதான். எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் எங்கோ இருப்பவர்கள் எங்களுக்குச் சட்டம் போட முடியுமா?
(நாகலூர், ஏற்காடு)

உங்கள் கடிதம் கிடைத்த வாரத்திலேயே இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி உங்கள் தோட்டத்துக்கு வந்தேன். சில்வர் ஓக் மரத்தில் படர்ந்திருந்த மிளகுக் கொடிக்கு அருகில் நின்றுகொண்டு கைபேசியை என்னிடம் நீட்டினீர்கள். திரையில் 11.7 என்று தொடங்கிய எண்ணின் கடைசி இலக்கங்கள் ஓயாமல் மாறிக்கொண்டிருந்தன. நாம் இருவரும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை, எண்தான் அசைந்துகொண்டிருந்தது. "இதில் எந்த எண்ணை எழுதுவது?" என்று கேட்டீர்கள். அப்போது என்னிடம் பதில் இல்லை.

நீங்கள் குறிப்பிடுவது, காடழிப்புக்கு எதிராக ஐரோப்பிய ஒன்றியம் 2023-ஆம் ஆண்டு இயற்றிய சட்டம். காப்பி, கோகோ, ரப்பர், பாமாயில், சோயா, மாடு, மரம் ஆகிய ஏழு பொருள்களும் அவற்றிலிருந்து செய்யப்படுபவையும், 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடு அழிக்கப்பட்ட நிலத்தில் விளைந்தவையாக இருந்தால், ஒன்றியத்தின் சந்தைக்குள் நுழையக்கூடாது என்பது அதன் சாரம். அதை மெய்ப்பிக்க ஒவ்வொரு நிலத்தின் இருப்பிடத்தையும் தரவேண்டும். 4 ஹெக்டேருக்கு, அதாவது ஏறக்குறைய 10 ஏக்கருக்கு மேற்பட்ட நிலமென்றால் எல்லை முழுவதையும், அதற்குட்பட்டதென்றால் ஒரே ஒரு புள்ளியையும், தசமத்துக்குப் பின் ஆறு இலக்கங்கள் வரை குறிக்கவேண்டும். ஆறாவது இலக்கம் தரையில் ஏறத்தாழ 11 சென்டிமீட்டரைக் குறிக்கிறது. அது அரைச் சாண்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். சட்டத்தின் கண்ணில் அவர்கள் உங்களுக்குச் சட்டம் போடவில்லை. தங்கள் சந்தைக்குப் போட்டிருக்கிறார்கள். தன் எல்லைக்குள் என்ன விற்கலாம், என்ன விற்கக்கூடாது என்று விதிக்கும் அதிகாரம் எந்த நாட்டுக்கும் உண்டு. நம் நாட்டுக்கும் உண்டு. ஆனால் விற்பவர் அங்கே போகாமலே விற்பனை விதி இங்கே வந்துவிடுகிறது. 27 நாடுகளின் வாக்காளர்கள் தேர்ந்தெடுத்த, அன்று 705 இடங்களைக் கொண்டிருந்த நாடாளுமன்றமும் அந்த நாடுகளின் அமைச்சர்களும் சேர்ந்து எடுத்த முடிவு, அவர்களில் ஒருவருக்கும் வாக்களிக்க முடியாத உங்கள் களத்தில் அமலாகிறது. பன்னாட்டுச் சட்டத்தில் ஜனநாயகக் குறை என்று அறிஞர்கள் சொல்வதன் முழுப் பொருளும் எனக்கு அந்த மிளகுக் கொடியின் அருகில்தான் விளங்கியது. உங்கள் காப்பிச் செடியை அரைச் சாண் துல்லியத்தில் அறிந்துகொள்ள விரும்பும் ஒரு சட்டம், அந்தச் செடிக்கு உரியவரின் கருத்தைக் கேட்டுப் பெறுவதற்கு ஒரு வழியும் வைக்கவில்லை.

ஒரு வழியும் இல்லை என்பது முழுக்கச் சரியில்லை என்று யாராவது மறுக்கலாம். மறுப்பதில் நியாயமும் இருக்கிறது. சட்டம் வரைவதற்கு முன் 2020-இல், ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் இணையத்தின் வழியாகப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்கள் குவிந்தன. உலகின் எந்த மூலையில் இருப்பவரும் எழுதியிருக்கலாம். ஆனால் கேள்விகள் ஐரோப்பிய மொழிகளில் இருந்தன. கேட்கப்பட்ட செய்தி சேலத்துக்கே எட்டவில்லை, மலைமேல் எப்படி எட்டும்? கதவைத் திறந்து வைத்துவிட்டு, வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று சொல்லாமல் விட்டால், வராதவர் மேல் குற்றம் சொல்வதற்கில்லை.

சட்டத்தின் நோக்கத்தை நான் குறைகூற மாட்டேன். காடு அழிந்தால் முதலில் காய்வது மலையின் ஊற்றுகள்தான் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மர நிழலில் காப்பி வளர்க்கும் நீங்கள் அந்த நோக்கத்துக்குப் பகைவரும் இல்லை. என் வருத்தமெல்லாம், சட்டம் அமலாகும் தேதி இரண்டு முறை ஒத்திவைக்கப்பட்டபோது, பெரிய நிறுவனங்களும் அரசுகளும் முறையிட்டதை அங்கே கேட்க முடிந்தது. கடைசி இலக்கம் ஏன் நிற்கவில்லை என்ற உங்கள் கேள்வி மட்டும் அந்த மேசைக்குப் போகவில்லை என்பதுதான்.

வேறு விதமாகவும் செய்திருக்கலாம் என்பதற்குக் காப்பியே சாட்சி. 1962-இல் உருவான பன்னாட்டுக் காப்பி உடன்படிக்கையின்படி, அடுத்த ஆண்டு லண்டனில் ஒரு அமைப்பு நிறுவப்பட்டது. அதில் காப்பியை ஏற்றுமதி செய்யும் நாடுகள் அனைத்துக்கும் சேர்த்து 1000 வாக்குகள். இறக்குமதி செய்யும் நாடுகள் அனைத்துக்கும் சேர்த்து 1000 வாக்குகள். விற்பவரும் வாங்குபவரும் சமமாக அமர்ந்து பேசியாகவேண்டும். ஏற்றுமதி ஒதுக்கீடுகளின் மூலம் விலையைத் தாங்கிப் பிடித்த அதன் ஏற்பாடு 1989 ஜூலையில் முறிந்தது; அதன்பின் உலகச் சந்தையில் காப்பி விலை சரிந்ததை உங்கள் தந்தையார் நினைவில் வைத்திருப்பார். அந்த ஏற்பாட்டில் குறைகள் உண்டு. நாட்டுக்குத்தான் வாக்கு, தோட்டக்காரருக்கு இல்லை. ஆனாலும் வாங்குபவர் மட்டும் தனியே உட்கார்ந்து விதி எழுதவில்லை.

இப்போதைக்கு நீங்கள் செய்யக்கூடியது: எண்ணைக் கொடுங்கள், மறுத்தால் இழப்பு உங்களுக்குத்தான். திறந்த வெளியில் சற்று நேரம் கைபேசியை அசையாமல் வைத்திருந்து, எண் ஓரளவு நிலைத்தபின் குறித்துக்கொள்ளுங்கள். புள்ளி உங்கள் நிலத்துக்குள் விழுகிறதா என்பதைப் புலப்படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சர்வே எண், பரப்பளவு, கொடுத்த தேதி, யாரிடம் கொடுத்தீர்கள் என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி வியாபாரியிடம் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் உங்கள் நிலத்தின் எண் வேறொருவர் சரக்குக்குப் பயன்பட்டுவிட்டது என்ற தகராறு வந்தால், அந்தத் தாள்தான் பேசும்.

பாதுகாப்பு அவையில் இந்தியாவுக்கு நிரந்தர இடம் கிடைத்துவிட்டால் ஐ.நா. ஜனநாயகமாகிவிடும் என்று என் பேராசிரியர் சொல்கிறார். தங்கள் கருத்து என்ன?
(சேலம், சட்டக் கல்லூரி மாணவி)

இந்தியாவின் கோரிக்கை நியாயமானது. ஆனால் அந்தக் கோரிக்கையும் ஐ.நா.வின் ஜனநாயகமும் ஒன்றே என்று உங்கள் பேராசிரியர் கருதினால், அவருடன் நான் உடன்பட முடியாது.

1945 ஜூன் 26 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனத்தில் இந்தியாவின் சார்பில் கையெழுத்திட்டவர் ஆற்காடு இராமசாமி முதலியார். மறு ஆண்டு ஐ.நா.வின் பொருளாதார, சமூக மன்றத்துக்கு முதல் தலைவராகவும் அவரே தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒரு தமிழர் என்று நாம் பெருமைப்படுகிறோம், பெருமைப்படலாம். அதே வேளையில் நினைவில் கொள்ளவேண்டியது, அவரை அனுப்பியது பிரிட்டிஷ் இந்திய அரசு. இந்திய மக்கள் யாரும் வாக்களித்து அனுப்பவில்லை. நேருவின் சகோதரியும் விடுதலைப் போராட்டத் தலைவருமான விஜயலட்சுமி பண்டிட் அதே நகரத்தில், மாநாட்டுக்கு வெளியே நின்று, அந்தக் குழு தம் நாட்டு மக்களின் குரல் இல்லை என்று பேசிக்கொண்டிருந்தார். ஐ.நா.வை ஜனநாயகமாக்குவது என்ற கேள்வி, அது பிறந்த மண்டபத்தின் வாசலிலேயே, நம் நாட்டவர் வாயாலேயே எழுப்பப்பட்டுவிட்டது.

51 நாடுகளோடு தொடங்கிய அமைப்பில் இன்று 193 நாடுகள். ஆப்பிரிக்காவில் மட்டும் 54. அவற்றில் ஒன்றுக்கும் நிரந்தர இடம் இல்லை. 11 பேர் கொண்ட பாதுகாப்பு அவையை 15 ஆக்கும் தீர்மானம் 1963-இல் நிறைவேறி 1965-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் ஒரு நாற்காலியும் கூடவில்லை. காரணம் சாசனத்தின் 108-ஆவது பிரிவில் இருக்கிறது. திருத்தம் வேண்டுமென்றால் உறுப்பு நாடுகளில் மூன்றில் இரண்டு பங்கின் ஒப்புதலோடு, ஐந்து நிரந்தர உறுப்பினர்களின் ஒப்புதலும் வேண்டும். அதாவது, வீட்டோ என்னும் தடுப்பதிகாரத்தைக் குறைப்பதற்கும் அந்த அதிகாரம் உடையவர்கள் ஐவரும் சம்மதிக்கவேண்டும்.

இந்தியா ஆறாவதாகவோ ஏழாவதாகவோ உள்ளே போனால் வாசல்காப்போரின் எண்ணிக்கை கூடும். வாசல் அகலாது. 140 கோடி மக்களின் நாடு வெளியே நிற்பது அநீதி என்று வாதிடும் நாம், உள்ளே போனபின் மற்ற நாடுகளின் முடிவை ஒற்றைக் கையை உயர்த்தித் தடுக்கும் உரிமையையும் கேட்பதா என்பதை உங்களைப் போன்ற இளைய வழக்கறிஞர்கள் வெளிப்படையாக விவாதிக்கவேண்டும். நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

சாசனத்தைத் தொடாமலே செய்யக்கூடிய காரியங்கள் உண்டு. அவற்றில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். 2022 ஏப்ரலில் லீக்டன்ஸ்டைன் என்ற மிகச் சிறிய நாடு முன்னின்று கொண்டுவந்த தீர்மானத்தின்படி, பாதுகாப்பு அவையில் யாராவது வீட்டோவைப் பயன்படுத்தினால், 10 வேலை நாள்களுக்குள் பொதுச் சபை கூடி அதைப் பற்றி விவாதிக்கவேண்டும். தடுத்தவர் அங்கே வந்து, அனைவர் முன்னிலையிலும் காரணம் சொல்லும்படி அழைக்கப்படுகிறார். வாக்கை இது மாற்றாது. ஆனால் அதிகாரம் உள்ளவர் காரணம் சொல்லவேண்டிய இடத்துக்கு வருவது சிறிய மாற்றம் இல்லை என்பதை, நீதிமன்றத்தில் காரணம் எழுதப்படாத உத்தரவோடு ஒருநாளாவது போராடிய எந்த வழக்கறிஞரும் ஒப்புக்கொள்வார்.

நாடுகளுக்குக் கடன் கொடுக்கும் பன்னாட்டு நாணய நிதியத்தில் (ஐ.எம்.எஃப்.) இருக்கும் நிலை இன்னும் மோசம். அங்கே நாட்டுக்கு ஒரு வாக்கு என்ற கணக்கும் இல்லை. செலுத்திய பங்குக்கு ஏற்பத்தான் வாக்கு. பெரிய முடிவுகளுக்கு 85 சதவீத வாக்குகள் தேவை. அமெரிக்காவிடம் மட்டும் ஏறத்தாழ 16.5 சதவீதம் இருப்பதால், அந்த ஒரு நாடு இணங்காமல் அந்த முடிவுகளில் ஒன்றும் நகராது. அங்கே கடன் வாங்கும் நாடுகளின் ரேஷன் அரிசியும் பேருந்துக் கட்டணமும் அந்தக் கணக்கில்தான் முடிவாகின்றன.

நாட்டுக்கு ஒரு வாக்கு என்பதும் நியாயமாகத் தெரியவில்லையே. உலகத்துக்கே ஒரு நாடாளுமன்றம் தேர்தல் மூலம் அமைத்தால் என்ன?
(ஓமலூர், பள்ளி ஆசிரியர்)

பொதுச் சபையில் ஏற்காடு வட்டத்தின் மக்கள்தொகையை எட்டாத துவாலு நாட்டுக்கும் ஒரு வாக்கு, இந்தியாவுக்கும் ஒரு வாக்கு என்பது உங்களை உறுத்துகிறது. ஆள்கணக்கில் பார்த்தால் உறுத்தத்தான் செய்யும். ஆனால் கடல்மட்டம் உயர்ந்தால் முதலில் மூழ்குவது துவாலுதான். அந்தப் பொருளைப் பற்றிய கூட்டத்தில் அதன் குரல் பெரிய நாட்டின் குரலுக்குச் சமமாக ஒலிப்பதை நான் அநீதியாகக் கருதவில்லை.

உலக நாடாளுமன்றம் என்ற கருத்து பழையது, ஐ.நா.வுக்குள் ஒரு மக்கள் பேரவையாவது வேண்டும் என்று கேட்போர் இன்றும் இருக்கிறார்கள். ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு 1979 முதல் மக்கள் நேரடியாக வாக்களிக்கிறார்கள் என்பதை அவர்கள் முன்மாதிரியாகக் காட்டுவார்கள். தேர்தலே நடக்காத நாடுகளிலிருந்து யாரைத் தேர்ந்தெடுப்பது, மக்கள்தொகைப்படி இடம் பிரித்தால் இரண்டு மூன்று நாடுகளே அவையை நிரப்பிவிடாதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் நிறைவான பதிலை நான் இதுவரை படித்ததில்லை. அந்தப் பேரவை அமையும்வரை காத்திராமல், இருக்கின்ற நாடாளுமன்றத்தையே பன்னாட்டுச் சட்டத்தின் மேல் கண் வைக்கச் செய்யலாம். ஏன் என்பது அடுத்த பதிலில் வருகிறது.

எங்கள் பக்கம் குச்சிக்கிழங்குதான் வாழ்வாதாரம். விலை விழும்போதெல்லாம் வெளிநாட்டு மாவு வருகிறது, ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். விவசாயம் மாநில அரசின் பொறுப்பு என்று படித்திருக்கிறேன். அப்படியிருக்க, இந்த ஒப்பந்தங்களை யார் போடுகிறார்கள்? யாரிடம் கேட்டுப் போடுகிறார்கள்?
(ஆத்தூர்)

இத்தனை கடிதங்களிலும் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்தக் கேள்வி. கிழங்கு விலை விழுவதற்கு மழை, பரப்பு, கலப்படம், ஆலைகளின் கொள்முதல் என்று பல காரணங்கள் உண்டு. எல்லாவற்றையும் ஒப்பந்தத்தின் தலையில் கட்ட நான் தயாராக இல்லை. ஆனால் யாரிடம் கேட்டார்கள் என்ற கேள்விக்கு ஒளிவுமறைவு இல்லாத பதிலைப் பெற உங்களுக்கு உரிமை உண்டு.

அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் விவசாயம் மாநிலப் பட்டியலில், 14-ஆவது இனமாக இருக்கிறது. அதே அட்டவணையின் மத்தியப் பட்டியலில், அங்கும் 14-ஆவது இனமாக, வெளிநாடுகளுடன் ஒப்பந்தம் செய்வதும் அதை நிறைவேற்றுவதும் இருக்கிறது. இரண்டும் மோதினால் என்ன ஆகும் என்பதை 253-ஆவது பிரிவு சொல்லிவிடுகிறது: ஒப்பந்தத்தை நிறைவேற்ற, எந்தப் பொருளைப் பற்றியும், மாநிலப் பட்டியலில் உள்ளதைப் பற்றியும்கூட, நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம். இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. ஒப்பந்தத்தை நிறைவேற்றும்போதுதான் நாடாளுமன்றம் வருகிறது, அதுவும் புதுச் சட்டம் தேவைப்பட்டால். கையெழுத்திடுவதற்கு முன் நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பெறவேண்டும் என்று எந்தப் பிரிவும் கட்டாயப்படுத்தவில்லை. மாநில அரசைக் கேட்கவேண்டும் என்றும் இல்லை.

ஆகவே, உலக வர்த்தக அமைப்பை உருவாக்கிய உடன்படிக்கை, வேளாண்மைக்கான தனி ஒப்பந்தத்தையும் உள்ளடக்கி, 1994 ஏப்ரலில் மொராக்கோவின் மராகேஷ் நகரில் கையெழுத்தானபோது, சேலம் மாவட்டத்துக் கிழங்கு விவசாயியின் சட்டமன்ற உறுப்பினருக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. ஆசியான் எனப்படும் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்புடனான சரக்கு வணிக ஒப்பந்தம் 2009 ஆகஸ்டில் கையெழுத்தாகி 2010 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உலகில் மரவள்ளிப் பொருள்களை மிக அதிகமாக ஏற்றுமதி செய்யும் தாய்லாந்து அந்தக் கூட்டமைப்பு நாடுகளில் ஒன்று. ரப்பரும் மிளகும் பாதிக்கப்படும் என்று அஞ்சிய கேரளத்தில் மனிதச் சங்கிலி நடந்தது. சாலையில் கைகோர்த்து நிற்பதைத் தவிர மாநில மக்களுக்கு அந்தக் கட்டத்தில் வேறு வழி இருக்கவில்லை.

அண்மையில் ஆத்தூர் சாலையில் ஒரு சேகோ ஆலையின் களத்தில் சிறிது நேரம் நின்றேன். வெயிலில் பரப்பிய ஜவ்வரிசி கண்ணைக் கூசவைக்க, ஒரு அம்மா பலகையால் அதைத் தள்ளிப் புரட்டிக்கொண்டே, "மழை வந்தா அள்ளிடலாம், விலை வந்தா என்ன பண்றது?" என்றார். விலை விழுவதைத்தான் அவர் "விலை வந்தால்" என்கிறார். எங்கிருந்தோ திடீரென்று வந்து இறங்குவது என்ற பொருளில். 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் குறியீட்டு முறையும் இதே உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தத்தின் விளைவாக வந்ததுதான் என்பதை இங்கே நேர்மையாகப் பதிவு செய்யவேண்டும். பன்னாட்டுச் சட்டம் நமக்கு எடுப்பது மட்டுமில்லை, கொடுப்பதும் உண்டு. ஆனால் எதைக் கொடுத்து எதைப் பெறுவது என்று பேரம் பேசப்படும்போது, பேரத்துக்கு உட்பட்டவர் அறையில் இல்லை.

மற்ற நாடுகளைப் பாருங்கள். அமெரிக்காவில் அரசியலமைப்பின்படி அமையும் உடன்படிக்கைக்கு மேலவையில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உடன்படிக்கையை 21 அமர்வு நாள்கள் நாடாளுமன்றத்தின் முன் வைத்தாகவேண்டும். சுவிட்சர்லாந்து ஐ.நா.வில் சேர்வதா என்பதையே 2002 மார்ச்சில் மக்கள் வாக்கெடுப்பில்தான் முடிவு செய்தது. போலிப் பொருள்களைத் தடுப்பதற்கென்று பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் பேசி முடித்த ஒரு வணிக ஒப்பந்தத்தை, இணைய உரிமைகளைப் பறிக்கும் என்று மக்கள் தெருவில் இறங்கியபின், ஐரோப்பிய நாடாளுமன்றம் 2012 ஜூலையில் தள்ளுபடி செய்தது. ஆண்டுக்கணக்கில் நடந்த பேச்சுவார்த்தை ஒரே நாளில் வீணானது. அந்தப் பயம் ஒன்றே, அடுத்த ஒப்பந்தத்தைப் பேசப் போகிறவர்களைக் கவனமாகப் பேசவைக்கும்.

நம் நாட்டிலும் அரசியலமைப்பின் செயல்பாட்டை ஆராய்ந்த தேசிய ஆணையம், நீதிபதி வெங்கடாசலய்யா தலைமையில் 2002-இல் தந்த அறிக்கையில், ஒப்பந்தம் செய்யும் அதிகாரத்தை நாடாளுமன்றம் சட்டத்தின் மூலம் ஒழுங்குபடுத்தவேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசியலமைப்பைத் திருத்தாமலே இதைச் செய்யலாம். மத்தியப் பட்டியலில் இடம் ஏற்கெனவே இருக்கிறது. சட்ட முன்வரைவுகளைக் குறைந்தது 30 நாள்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும் என்ற கொள்கையை மத்திய அரசே 2014-இல் வகுத்தது. விவசாயத்தைத் தொடும் ஒப்பந்த வரைவுகளுக்கும் அதே 30 நாள்களும், மாநிலச் சட்டமன்றங்களில் ஒரு விவாதமும், தமிழில் ஒரு மொழிபெயர்ப்பும் வேண்டும் என்று கேட்பதில் மிகையாக ஒன்றுமில்லை. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கையை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகள் அனைத்திலும் பெயர்க்கவேண்டும் என்று 2020 ஜூனில் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, மொழி தெரியாதவரிடம் கருத்துக் கேட்பது கேட்பதாகாது என்ற எளிய உண்மைக்கு ஒரு நீதிமன்ற முத்திரை கிடைத்தது.

உலகளவில் ஜனநாயகம் என்று பேசும் எல்லாரும் நியூயார்க்கையும் ஜெனீவாவையும் நோக்கிக் கை நீட்டுகிறோம். ஆத்தூரிலிருந்து ஜெனீவாவுக்குப் போகும் வழியில் முதல் பூட்டு நம் வீட்டிலேயே தொங்குகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சர்வதேச நீதிமன்றத்தில் ஒரு தனிமனிதர் வழக்குப் போட முடியுமா?
(அம்மாப்பேட்டை, சேலம்)

முடியாது. தி ஹேக் நகரில் உள்ள அந்த நீதிமன்றத்தில் நாடுகள்தான் வழக்காட முடியும். மனித உரிமை மீறலுக்கு எதிராகத் தனிநபர் ஐ.நா. குழுவிடம் முறையிட ஒரு வழி இருக்கிறது; ஆனால் அதற்கான நெறிமுறையை ஏற்ற நாட்டின் அதிகார வரம்புக்குள் இருப்பவர்களுக்கே அது திறந்திருக்கும். குடிமை, அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையில் 1979-இல் சேர்ந்த இந்தியா, அந்த நெறிமுறையை ஏற்கவில்லை. அதை ஏற்கவேண்டும் என்பது என் கருத்து.

இருந்தாலும் தனிமனிதர்களால் ஆகக்கூடியது என்ன என்பதற்கு ஒரு அண்மைச் சான்று உண்டு. 2019-இல் பசிபிக் தீவுகளைச் சேர்ந்த 27 சட்ட மாணவர்கள், வகுப்புப் பாடத்தின் தொடர்ச்சியாக, பருவநிலை மாற்றம் பற்றி நாடுகளுக்கு என்ன சட்டக் கடமை உண்டு என்பதைச் சர்வதேச நீதிமன்றத்திடமே கேட்கவேண்டும் என்று தங்கள் அரசுகளுக்கு எழுதினார்கள். வனுவாட்டு அரசு அதை ஏற்றுக்கொண்டது. 2023 மார்ச்சில் பொதுச் சபை ஒருமனதாக அந்தக் கேள்வியை நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 2025 ஜூலை 23 அன்று 15 நீதிபதிகளும் ஒரே குரலில் ஆலோசனைக் கருத்தை வழங்கினார்கள்: பருவநிலையைப் பாதுகாப்பது நாடுகளின் சட்டக் கடமை, தவறினால் பொறுப்பேற்க வேண்டிவரும். ஆறே ஆண்டுகளில், ஒரு வகுப்பறைக் கேள்வி ஹேக் வரை போயிருக்கிறது.

நம் ஊரிலும் இதற்கு முன்னோடி உண்டு. சேலத்தில் வழக்கறிஞராகத் தொழில் நடத்தி, 1917-இல் இந்த நகராட்சிக்குத் தலைவரான இராஜாஜி, 1962-இல், 83-ஆவது வயதில், எந்தப் பதவியும் இல்லாத குடிமகனாக, காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவோடு வாஷிங்டனுக்குப் போய், அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துங்கள் என்று அதிபர் கென்னடியை நேரில் கேட்டுக்கொண்டார். மறு ஆண்டு வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் நீருக்கடியிலும் அணுச் சோதனை செய்வதைத் தடைசெய்யும் உடன்படிக்கை கையெழுத்தானது. இவர் போனதால்தான் அது வந்தது என்று நான் சொல்லவில்லை. அந்தக் கதிரியக்கத் தூசு விழக்கூடிய நிலத்தில் வாழ்பவன் என்ற ஒரே தகுதியோடு ஒருவர் கேட்கப் போகலாம் என்பதைச் சேலத்துக்காரர் ஒருவர் செய்து காட்டினார் என்பது எனக்குப் போதும்.

நாங்கள் மலையாளி பழங்குடியினர். எங்கள் ஊர்க் கிராம சபையில் ரோடு, தண்ணீர், விளக்கு தவிர வேறு எதுவும் பேச விடுவதில்லை. உலக விஷயத்தைக் கிராம சபையில் பேசினால் செல்லுமா?
(மாரமங்கலம், ஏற்காடு)

செல்லும், அம்மா. தண்ணீரே உலக விஷயம்தான். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபைகளில் ஒன்று மார்ச் 22 அன்று கூடுகிறது. அது ஐ.நா. அறிவித்த உலகத் தண்ணீர் நாள்.

பழங்குடியினரின் நிலத்தைத் தொடும் முன் அவர்களிடம் உண்மைகளைச் சொல்லி, வற்புறுத்தாமல், முன்கூட்டியே ஒப்புதல் பெறவேண்டும் என்று ஐ.நா. பொதுச் சபை 2007-இல் ஒரு பிரகடனம் செய்தது. இந்தியா அதற்கு ஆதரவாக வாக்களித்தது. நம் நாட்டின் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அந்த அதிகாரத்தின் ஒரு பகுதியைக் கிராம சபையிடமே கொடுத்திருக்கிறது. சேர்வராயன் மலையில் பாக்சைட் வெட்டிய சிவந்த பள்ளங்களைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். அதே பாக்சைட்டுக்காக ஒடிசாவின் நியம்கிரி மலையைத் தோண்ட முயன்றபோது, மக்களின் வழிபாட்டு உரிமை பாதிக்கப்படுமா என்பதைக் கிராம சபைகளே பரிசீலிக்கவேண்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழங்குடியினருக்கான 1957-ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கையையும் அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. 12 கிராம சபைகள் கூடின. 12-உம் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை. ஜெனீவாவில் எழுதப்பட்ட ஒரு வரி மலையூரின் மரத்தடிக்கு வந்து சேர்ந்து, அங்கே கூடியிருந்தவர்களுக்குத் துணை நின்றது என்பதை நினைக்கும்போது, இந்தச் சட்டத்துறையில் நான் செலவிட்ட ஆண்டுகள் வீண் இல்லை என்று தோன்றுகிறது.

உங்கள் அடுத்த கிராம சபைக்கு ஒரு தீர்மானம் எழுதித் தருகிறேன், திருத்திக்கொள்ளுங்கள். "எங்கள் ஊராட்சியில் விளையும் காப்பி, மிளகு ஆகியவற்றின் விற்பனையைப் பாதிக்கும் வெளிநாட்டுச் சட்டங்கள், ஒப்பந்தங்கள் ஆகியவற்றின் வரைவுகளைத் தமிழில் எங்களுக்கு வழங்கவேண்டும் என்றும், அவற்றின்மீது கருத்துச் சொல்ல 30 நாள்கள் அவகாசம் அளிக்கவேண்டும் என்றும், எங்கள் கருத்தை மாநில அரசும் மத்திய வணிக அமைச்சகமும் பெற்றுக்கொண்டு எழுத்தில் பதில் தரவேண்டும் என்றும் இந்தக் கிராம சபை கேட்டுக்கொள்கிறது." நாகலூர்க்காரரின் தோட்டத்து எண்ணையும் ஒரு எடுத்துக்காட்டாகச் சேர்க்கலாம், அவரிடம் கேட்டேன், சம்மதித்துவிட்டார்.

கூட்டம் தொடங்கும்போதே வருகைப் பதிவில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிடுவது வழக்கம். அந்தக் கையெழுத்து நீங்கள் வந்ததற்குத்தான். தீர்மானப் புத்தகத்தில் உங்கள் தீர்மானம் முழுவதும் எழுதப்பட்டதை ஒருவர் உரக்கப் படிக்கக் கேட்டபிறகு எழுந்திருங்கள்; நகல் ஒன்றை வாங்கி எனக்கும் அனுப்பிவையுங்கள்.